கனகசூரியரின் ட்ரெயிலர் படிப்பு

மகன் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்த கனகசூரியருக்கு அறுபத்தெட்டு வயதில் ஒரு படிப்பு தொடங்கியது. கட்டில், குசினி, கக்கூசு எல்லாம் உள்ள ட்ரெயிலர் ஒன்றை வாங்கி வந்த மகன் நிரோஜன், காம்பிங் போகும் சனிக்கிழமைகளில் அதை வாகனத்தில் பூட்டி இழுக்க அவரைப் பழக்கினான்.

"எந்தப் பிள்ளை தேப்பனுக்கு இப்பிடிப் பொறுமையாச் சொல்லிக் குடுக்கும்?" என்று கனடாவின் பிக்கரிங் நகர் முழுக்கச் சொல்லித் திரிந்தார் அவர்.

"காரையே ஒழுங்கா விடமாட்டியள். உங்களுக்கு ஏன் உந்த வில்லங்கம்?" என்றாள் மனைவி தவமலர்.

"உனக்குப் பொறாமை."

முதல் பயணத்தில் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கும்போது காம்பிங் இடத்துச் சாப்பாட்டு மேசையை இடித்தார். அடுத்ததில் தண்ணீர்க் குழாயையே முறித்துவிட்டார். நிரோஜன் கோபிக்கவில்லை.

"ட்ரெயிலர் வலப்பக்கம் போக ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டவேணும், அப்பா. தனிய றிவேர்ஸ் எடுத்தால்தான் பாஸ்."

மூன்றாம் பயணத்துக்கு றிச்மண்ட் ஹில்லிலிருந்து மகள் தர்சிகாவும் வந்திருந்தாள். எல்லோரும் பார்த்து நிற்க, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே வெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார் கனகசூரியர்.

"பாஸ்," என்றான் நிரோஜன். தர்சிகா கை தட்டினாள்.

"அடுத்த காம்பிங் எங்க, தம்பி?"

"என்ர டிரைவ்வேயில, அப்பா. பேஸ்மென்டுக்கு ஒண்டாம் திகதி வாடகைக்கு ஆக்கள் வருகினம். இனி நீங்களும் அம்மாவும் இதுக்குள்ளதான். ஒரு மாசம் என்ர வீட்டு வாசல், ஒரு மாசம் தங்கச்சியின்ர. மாசாமாசம் இழுத்துக்கொண்டு திரிய எங்களுக்கு நேரமில்லை."

தவமலர் கணவரைப் பார்த்தாள். அவர் ட்ரெயிலரின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஸ்னோ கொட்டேக்க?"

"ஹீற்றர் இருக்கு, அப்பா. அடுத்த சனி அதைப் பழக்கிறன்."