சிவப்புப் பென்சில்

ஜீப் சத்தம் கேட்டதும் சின்னக்கண்ணு மோட்டார் கொட்டகைக்குள் ஓடினான். பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டான். போர்க் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவே இல்லை. பதினெட்டு நாளாக ஒரு சொட்டு வெளியே வராமல் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

வரப்பில் அவன் மனைவி அஞ்சலாட்சி நின்றிருந்தாள். நட்டு நாற்பது நாளான நெற்பயிர் வைக்கோல் நிறத்தில் மடங்கிக் கிடந்தது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

“ஒரே ஒரு தண்ணி உடுய்யா, பொழைச்சுக்கும்” என்று காலையில்கூடப் புருஷனிடம் கெஞ்சியிருந்தாள்.

“பயிரு போனா அடுத்த போகம் இருக்குது. நெலம் போனா?”

அது 2007. பாண்டியைச் சுற்றி இருந்த நிலத்தையெல்லாம் காட்டி, வாங்க வாங்க என்று கம்பெனிகளை அரசாங்கத்தில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னக்கண்ணுவுக்கு இருந்ததோ மொத்தமே ஒன்றரை ஏக்கர்.

காயப்போடும் யோசனை அஞ்சலாட்சியின் தம்பி தேவதாஸுடையது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். கம்பெனி விஷயம் என்றால் குடும்பத்தில் அவன் பேச்சுதான் எடுபடும். “தண்ணி எங்க இருக்குதோ அங்கதான் மாமா கம்பெனிக்காரன் வருவான். காஞ்சு கெடந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்” என்று அடித்துச் சொல்லியிருந்தான்.

பக்கத்து நிலத்து ராமலிங்கத்திடமும் சின்னக்கண்ணு இதைச் சொன்னான். “பச்சப் பயிரக் காயப்போட எனக்குக் கை வரலப்பா” என்று சொல்லிவிட்டு அவன் தன் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டான்.

ஜீப்பிலிருந்து இருவர் இறங்கினார்கள். ஒருவர் நில அதிகாரி. கையில் வரைபடமும் சிவப்புப் பென்சிலும் இருந்தன. மற்றவர் தொழிற்சாலைக்கு இடம் பார்க்க வந்த கம்பெனி ஆள். ஷூவில் சேறு படாமல் நடப்பதிலேயே அவர் குறியாக இருந்தார்.

அதிகாரி முதலில் ராமலிங்கத்தின் வாழையைப் பார்த்தார். வாய்க்காலில் ஓடிய தண்ணீரில் கை நனைத்தார். பிறகு வரைபடத்தில் அந்த நிலத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார்.

சின்னக்கண்ணு வரப்பிலிருந்தே அதைப் பார்த்தான். அவ்வளவுதான், ராமலிங்கம் நிலம் போயிற்று. படித்துப் படித்துச் சொன்னபோது கேட்டிருக்கலாம்.

“இது யாரு நெலம்?” அதிகாரி இந்தப் பக்கம் வந்தார்.

“என்னுதுதாங்க.”

“ரிக்கார்டுல மூணு போகம் நெல்லுன்னு இருக்குதே?”

“அது எங்கப்பா காலத்துக் கணக்குங்க. இப்ப போருல காத்துதான் வருது. நட்டது பூரா இப்படித்தான் போவுது.”

அதிகாரி கொட்டகைக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். மோட்டார் அசையவில்லை. சின்னக்கண்ணுவின் மடியில் கட்டை உறுத்தியது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. கொஞ்சங்கூட வெளையாதா?”

போட்டு வாங்குகிறார் என்று சின்னக்கண்ணு உஷாரானான். “புல்லுகூட மொளைக்காதுங்க.”

“எழுதிக் குடுத்தா கையெழுத்துப் போடுவியா?”

“தாராளமாப் போடறேங்க.”

ஜீப்பின் முன்புறத்தில் காகிதத்தை வைத்து அதிகாரி எழுதினார். எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படித்தும் காட்டினார். இந்த நிலத்தில் நீர் இல்லை, மூன்று வருடமாக விளைச்சல் இல்லை, இனியும் விளையாது.

“இந்தாய்யா...” என்று அஞ்சலாட்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சின்னக்கண்ணு கண்ணாலேயே அவளை அடக்கிவிட்டு, பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அதிகாரி வரைபடத்தை மடித்தார். மடிக்கும்போது சின்னக்கண்ணு எட்டிப் பார்த்துக்கொண்டான். அவன் நிலத்தின் மேல் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை.

“ஊரு பெருசாவுதுப்பா. கம்பெனிங்க வந்தாத்தான் உங்க புள்ளைங்களுக்கு வேல” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

சின்னக்கண்ணு பீஸ் கட்டையை எடுத்து அஞ்சலாட்சியின் கையில் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. “ஜீப்பு கெளம்பட்டும். மொதல்ல தண்ணிய உடு.”

கம்பெனி ஆள் ஷூவைத் தட்டிக்கொண்டே அதிகாரியிடம் கேட்டார். “ரோட்டோரம் அந்த வாழத் தோட்டம்தான் சார் எனக்குப் புடிச்சிருந்தது. அத அடிச்சுட்டு இத எடுத்துக் குடுக்கறீங்களே, ஏன்?”

அதிகாரி கதவைச் சாத்தினார்.

“வெளையற நெலத்தத் தொட நமக்கு உத்தரவு இல்ல சார்.”