காணாமல் போன மணி

வேட்பாளர் சொந்த ஊரை விட்டுப் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது ஓட்டுக் கேட்டுத் திரும்பி வந்தால், ‘வெளியூர்க்காரருக்கா உங்கள் ஓட்டு?’ என்று எதிர்வேட்பாளர் தெருவுக்குத் தெரு போஸ்டர் ஒட்டியிருந்தார்.

“மாமா, பள்ளிக்கூட ரிஜிஸ்டரையும் கரையான் தின்னுடுச்சாம். நீங்க இந்த ஊர்தான்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல!” மச்சினன் கையைப் பிசைந்தான்.

“விடு மாப்ளே. இன்னிக்கு மேடையில ஆதாரம் தானா வாய் திறக்கும்.”

மாலையில் இரண்டு வேட்பாளர்களும் ஒரே மேடையில் இருந்தார்கள். இவர் மைக்கைப் பிடித்தார்.

“நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம பள்ளிக்கூட மணி காணாமப் போச்சே, ஞாபகமிருக்கா? மணியடிக்கலன்னு ஒரு வாரம் கணக்குப் பாடமே நடக்கலையே! அந்த மணியைத் தூக்கினது நான்தாங்க!”

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். கூட்டமோ விசிலடித்தது. கைதட்டல் அடங்கவே இல்லை.

எதிர்வேட்பாளருக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார்.

“பச்சைப் பொய்! தூக்கினவன் நான்! ஏழாங்கிளாஸ்ல என் பக்கத்துல உக்காந்திருந்து, எனக்குப் பதிலா ஹெட்மாஸ்டர்கிட்ட அடி வாங்கினவன்தான் இவன்!”

மைதானமே குலுங்கிச் சிரித்தது.

“அவரே வாயை விடுவார்னு எப்படி மாமா தெரியும்?” மேடையை விட்டு இறங்கியதும் மச்சினன் கேட்டான்.

வேட்பாளர் உள்ளங்கையைத் தடவிக்கொண்டார்.

“ஊர்ல மழை பெஞ்சாக்கூட ‘நான்தான் செஞ்சேன்’னு சொல்லிப் பழகின வாய் அவனுக்கு, மாப்ளே. பேரு அடுத்தவனுக்குப் போனா சும்மா இருக்குமா?”