சூளையில் உளுந்து

வெயிலில் காயவைத்த, இன்னும் சுடாத கல்லைப் புரட்டியவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு முளை.

செங்கல்லில் பதிந்திருந்த முதலாளியின் பெயரெழுத்தைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. விதையின் தோல் இன்னும் கழலவில்லை. தலையில் தொப்பிபோல் ஒட்டியிருந்தது.

கறுப்புத் தோல். உளுந்து.

அவள் விதைத்தது.

போன வருடம் தங்கள் வயலில் தன் கையால்தான் தூவினாள். மழை வரவில்லை. தினமும் போய்க் குனிந்து பார்த்தாள். ஒருநாள் மண்ணைக் கிளறிக்கூடப் பார்த்தாள்.

ஒன்றும் முளைக்கவில்லை.

வயலின் மேல்மண்ணைச் சூளைக்கு விற்றுவிடலாம் என்றான் கணவன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவர்கள் வயலைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

அதே சூளையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அதே மண்ணை மிதித்துக் குழைத்தார்கள். அச்சில் அறைந்தார்கள்.

அன்று சோறு போட்டதும் இந்த மண்தான். இன்று போடுவதும் இதுதான்.

ஆனால் லாரியில் ஏறிய கல் திரும்பி வருவதில்லை.

மேஸ்திரி பின்னால் வந்து நின்றார்.

"என்னாம்மா, கல்லுலயே வெள்ளாமை பண்ணி வடை சுடப் போறியா? முளைச்சத அடுக்கினா நெருப்புல வெடிச்சிடும். பிடுங்கிப் போட்டுட்டு, கல்லை உடைச்சு மண்ணுல சேத்துடு."

அவர் நகர்ந்ததும் அவள் முளையை நோக்கிக் குனிந்தாள்.

"அன்னைக்கு எங்க போயிருந்த நீ?"

முளையைப் பிடித்த விரல்கள் இழுக்கவில்லை.

முந்தானைக்குள் கல்லை மறைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

அங்கே ஏற்கெனவே ஒரு கல் இருந்தது.

அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குச் செடி. வெயில் தாக்காமல் இருக்க, குச்சிகள் நட்டு ஒரு பழைய துண்டு கட்டியிருந்தது. துண்டின் ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

அவள் போட்ட தையல்.

தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கல்லின் மூலைகள் கரைந்திருந்தன. எழுத்துகள் அழிந்திருந்தன. பாதி மண்ணாகிவிட்டது.

தூரத்தில் கணவன் சூளையின்மேல் நின்று கல் அடுக்கிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

தன் கல்லை அதன் அருகில் வைத்தாள்.

பிறகு மறுபடி தூக்கி, வயலில் செடிக்குச் செடி விடும் இடம் விட்டு வைத்தாள்.