பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம்

பெட்ரோல் பங்க் வாசலில் பேருந்தை ஓரங்கட்டிவிட்டு, என் மகள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து பயணிகள் பக்கம் திரும்பினாள்.

“பாத்ரூம் போயிட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம் ஆகும்.”

அவ்வளவுதான். குரலைத் தாழ்த்தவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு என்று சாக்குச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் ஆண்கள் உட்கார்ந்திருந்த வண்டியில், அத்தனை பேர் காதிலும் விழச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

முன் இருக்கையிலிருந்த எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது.

பழக்கதோஷம். அந்த வார்த்தையை நான் ஒரு ஆண் காதுபடச் சொன்னதே கிடையாது. கட்டின புருஷனிடம்கூட, “கொஞ்சம் இருங்க, வந்துடறேன்” என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு. வெளியே கிளம்புகிறோம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர்ப் பக்கம் போக மாட்டோம். நாள் முழுக்கப் பயணம் என்றாலும் ஒருத்தி வாய் திறக்க மாட்டாள்.

அதிலும் நான் கில்லாடி.

நான் வேலை பார்த்த துணிக்கடையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்குகிற வரை நின்றபடியே துணி மடிப்பேன். “இந்தம்மா இடத்தை விட்டு நகராது, பாத்துக் கத்துக்கோங்க” என்று முதலாளி புதுப் பெண்களிடம் என்னைக் காட்டுவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்கப் பழகிவிட்டது. விடுமுறை நாளில் வீட்டில் சும்மா இருந்தாலும், கடை அடைக்கிற நேரம் வந்தால்தான் அதற்கு ஞாபகமே வரும். நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரி பழக்கி வைத்திருந்தேன்.

மகளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே.

டிப்போவிலேயே முதல் பெண் ஓட்டுநர் அவள். அவள் ரிவர்ஸ் எடுக்கிற அழகைப் பார்க்கப் பழைய டிரைவர்கள் டீயும் கையுமாக நிற்பார்களாம். அப்படிப்பட்டவள், ‘பொம்பளைன்னா இப்படித்தான், நடுவழியில நிறுத்துவா’ என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று, தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

போன மாதம் குளிர்க்காய்ச்சலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள்.

“குடிக்கிறதில்ல, வந்தாலும் அடக்கிக்கிறது. இது மூணாவது தடவை. அப்புறம் கிட்னி போச்சுன்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது” என்று டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துவிட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கு இந்த வழியில் அடிக்கடி ஒரு வேலை உண்டு. எப்போதும் அவள் வண்டியில்தான் வருவேன். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, இந்த பங்க் வரும்போதெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். நிறுத்துவாளா? மாட்டாள். இருக்கையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு வேகத்தைக் கூட்டுவாள்.

இன்றைக்கு நிறுத்திவிட்டாள்!

“என்னங்க கூத்து இது? டிரைவர்னா அடக்கிக்கத் தெரிய வேணாமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தினமும் வருகிற கண்ணாடிக்காரர்.

என் வாய் சும்மா இருக்குமா?

“ஏங்க, போன வாரம் நடுரோட்டுல வண்டிய நிறுத்தச் சொல்லி மரத்துக்குப் பின்னால ஓடினது யாரு? அன்னைக்கு இதே டிரைவர்தானே உங்களுக்காகக் காத்திருந்தா?”

வண்டியே சிரித்தது. கண்டக்டர் குனிந்து சில்லறைப் பைக்குள் எதையோ தேடுவதுபோல் நடித்தார். கண்ணாடிக்காரருக்கு அவசரமாக ஜன்னல் வழியே பார்க்க ஏதோ அகப்பட்டுவிட்டது.

சிரிப்பு ஓய்வதற்குள் கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இறங்கினாள். அடுத்து ஒரு கைக்குழந்தைக்காரி, “கொஞ்சம் பிடிங்கம்மா” என்று குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அடப் பாவிகளா, இத்தனை நேரம் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தீர்களா!

“நீங்க போகலையாம்மா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“எனக்கு வேணாம்ப்பா.”

“உங்களுக்கு இரும்பு உடம்பும்மா” என்றார். நான் மடியிலிருந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தேன்.

மகள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இருக்கையில் ஏறி, புது பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாக்கு வறண்டிருந்தது. இருந்தாலும், குடிடி தங்கம், நல்லாக் குடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கம், நிறையத் திமிர். அந்தத் திமிரை அள்ளிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டு, ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனாள்.

வழக்கமான கட்டிலில் படுத்துக் கையை நீட்டினேன். ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷின் பக்கத்திலேயே தயாராக நின்றது. நர்ஸ் ஊசியைச் செருகிக்கொண்டே கேட்டாள்.

“ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணியத் தாண்டலையே? யூரின் கொஞ்சமாவது போகுதாம்மா?”

சுற்றியிருந்த கட்டில்களில் ஆண்களும் படுத்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

“எனக்கு அது நின்னு வருஷமாச்சு. என் பொண்ணு இன்னைக்கு பஸ்ஸையே நிறுத்திட்டு பாத்ரூம் போயிட்டு வந்தா, தெரியுமா?”