எல்யோர் கடித்த ரொட்டி

"ஆணியில மாட்டினா ரொட்டிக்கு வலிக்காதா?" என்று சிறு வயதில் எல்யோர் கேட்டான். தொலைதூரம் போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார். மீதி சுவர் ஆணியில் தொங்கும்; அதை அவரே திரும்பி வந்து சாப்பிட வேண்டும். பத்தொன்பது வயதில் அவனும் கடித்துவிட்டு வடக்கே கட்டட வேலைக்குப் போனான். மூடிய பெட்டியில் வந்தான், திறக்காமலே அடக்கம் செய்தார்கள்.

"ரொட்டியைப் பறவைக்குப் போட்டுடுங்க," என்றார் இமாம்.

"அவ சொல்றவரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்," என்றார் எல்யோரின் அப்பா தோலிப். அதற்காக மஸ்தூரா கணவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த ஏழாவது இலையுதிர்காலத்தில் அவளைத் தாஷ்கண்ட் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார். கோபுரத்தின் உச்சியில், "நம்ம வீடு தெரியுதா பாரு," என்றார்.

"கதவப் பூட்டினோமான்னு நீங்களே பாருங்க, எல்யோர் அப்பா."

வெகுநாள் கழித்து இருவரும் சிரித்தார்கள்.

ஞாயிறு காலை ரயிலுக்கே கிளம்பலாம் என்றாள். "வந்தது வந்தோம், அருங்காட்சியகத்தையும் பாத்துட்டு மத்தியானம் போவோம்," என்றார் அவர்.

வீடு பூட்டியபடியே இருந்தது. அவர் வெளிக்கதவைத் தாழிட நின்றார். மஸ்தூரா முதலில் உள்ளே போனாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. விரிப்பில் ஒரு ரொட்டித் துணுக்குகூட இல்லை. ஒரு கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. தேநீர்க் கெண்டியைத் தொட்டாள். இன்னும் சுட்டது.

அவர் தொட்டால், காலை ரயிலிலேயே வந்திருக்கலாமே என்று காலமெல்லாம் நினைப்பார். தேநீரைக் கொட்டி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, அவர் காலடி நெருங்கும்வரை, கெண்டி நன்றாகக் குளிரட்டும் என்று இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.