ஜன்னலைச் சாத்து

“மனுஷனா அது? கல்லுளிமங்கன்!”

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து உதறிக்கொண்டே அவள் ஆரம்பித்தாள். எதிர்முனையைப் பிடித்திருந்த சிநேகிதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வாயாடி, இன்னிக்கு என்னடி புதுசா?”

“நேத்து ஊதா கலர்ல புதுப் புடவை ஒண்ணு உடுத்திக்கிட்டு வீட்டுக்காரர் முன்னாடி போய் நின்னேன். சும்மா இல்ல, ரெண்டு தடவை சுத்தி வேற காட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா? ‘ஜன்னலைச் சாத்து’ன்னார்! மழையா பெய்யுது?”

கூடமே கொல்லென்று சிரித்தது. “கல்லுளிமங்கன் அவ்வளவு பேசினதே பெரிசு!” என்றாள் இஸ்திரி மேசைக்காரி.

அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஏக்கம்தான். கல்யாணமான நாளாய் ஒரே ஒரு வார்த்தைக்குத் தவியாய்த் தவிக்கிறாள். ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை. சொன்னால் காசா, பணமா?

மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அலமாரி மேல் அவருடைய மூக்குக் கண்ணாடி! மறந்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். கண்ணாடி இல்லாமல் எந்த பஸ்ஸில் எந்த நட்டை முடுக்குவார்? எடுத்துக்கொண்டு பஸ் டிப்போவுக்கு ஓடினாள். அங்கே அவள் போவது அதுதான் முதல் தடவை.

கேட்டில் காவலாளி மறித்தார்.

“யாரைப் பார்க்கணும்?”

“இங்க மெக்கானிக்குங்க. உயரமா, ஒல்லியா... வாயே திறக்க மாட்டார்.”

“அப்படி யாரும் இங்க இல்லையேம்மா.”

அவள் கண்ணாடியை நீட்டினாள். ஒரு பக்கக் காதில் கறுப்பு நூல் சுற்றிய கண்ணாடி.

“அட, இது நம்ம தம்பட்டத்தோடதாச்சே!”

“யாரு?”

“தம்பட்டம்தாம்மா! வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுடுவார். பஸ்ஸுக்காவது பிரேக் பிடிக்கும், அந்த வாய்க்குப் பிடிக்காது.”

“அப்படி எதைப் பத்திப் பீத்திக்கிறார்?”

“வேற எதை? பொண்டாட்டியைத்தான். ‘அவ மடிச்ச துணியில ஒரு சுருக்கம் காட்டுங்கடா பார்ப்போம். அவ பேச ஆரம்பிச்சா நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கலாம்டா...’ எங்களுக்குக் காதே புளிச்சுப்போச்சு, போம்மா!”

அது நிச்சயம் வேறு யாரோ என்று அவள் நினைத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். கண்ணாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

“டேய், அண்ணி வந்திருக்காங்கடா!”

கிரீஸ் கையோடு நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒருவர் டீ வாங்கப் பறந்தார்.

“அண்ணி, நேத்து ஊதா கலர்ல நின்னீங்களாமே! ஊர்க் கண்ணு பட்டுடும்னு அண்ணன் ஜன்னலைச் சாத்தச் சொன்னாராமே! வந்ததிலேர்ந்து அதே பேச்சுதான்.”

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கும்பலுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

“ஏங்க, இதை எங்கிட்ட சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

“உன்னைப் பார்த்தா வர மாட்டேங்குது. கூச்சமா இருக்கு.” தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “நானும் ஒரு நாள் உன் வேலை இடத்துக்கு வரட்டுமா?”

“எதுக்கு?”

“நீயும் அங்க என்னைப் பத்திச் சொல்லியிருப்பேல்ல? அதை அவங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

அவளுக்குப் பகீரென்றது. சலவைக்கூடத்தில் அவரைத் தெரியாதவர் யார்? நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூட அவர் பேர் ‘கல்லுளிமங்கன்’ என்று தெரியும்.

பேச்சில் யாருக்கும் சளைக்காதவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

“மழை வரும்போல இருக்குங்க,” என்றாள். “நான் கிளம்பறேன்.”