மேடை உயரம்

பென்சில் கோட்டின் மேல் ரம்பத்தின் பல்லை வைத்துப் பார்த்தான்.

பிறகு ஒரு நூல் அளவு வெளியே தள்ளி வைத்தான். ரம்பம் தின்னும் தூளையும் கணக்கில் சேர்க்காவிட்டால் பலகை குறைந்துபோகும்.

எட்டடி பிளைவுட், வீட்டு வாசலில் இரண்டு முக்காலிகளின் மேல் கிடந்தது. வெட்ட வேண்டிய துண்டுகளின் அளவையெல்லாம் அதன் மேலேயே எழுதியிருந்தான். பக்கப்பலகை, தட்டு, கதவு. ஊரில் எத்தனையோ பேர் அடுப்படிக்குக் கப்போர்டு செய்து கொடுத்தவன். தன் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை.

அடுப்பு மேடை உயரம் முப்பத்துநான்கு அங்குலம்.

எல்லா வீட்டுக்கும் அதே உயரம்தான். கை தானாகவே எழுதிவிட்டது.

ரம்ப மிஷினின் பொத்தானை அழுத்தினான். தெரு அதிர்ந்தது.

பல் பலகையைத் தொடும் முன்பே சத்தம் அடங்கியது. ரம்ப வட்டம் மெல்லச் சுற்றி நின்றது.

திரும்பினான்.

செண்பகவல்லி பிளக்கைக் கையில் பிடித்திருந்தாள். அவளுடைய சக்கர நாற்காலி நிலைப்படி வரை வந்திருந்தது. அதற்கு மேல் வராது.

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளால் கால் ஊன்ற முடியவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் ஒன்றையேதான் சொல்லிவந்தான். உணர்ச்சி திரும்புகிறது, தொட்டால் தெரிகிறது, சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

மனைவி அதை மறுத்ததில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை.

"முப்பத்திநாலு யாருக்கு?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்."

"எனக்கு எட்டாது."

"நீ எந்திரிச்சிருவ. பெரிசா வெட்டுனா பெறகு கொறைச்சுக்கிடலாம். சின்னதா வெட்டிட்டா வளக்க முடியாது, செண்பகம்."

தொழிலில் அது சரியான பேச்சு. அவளுக்கும் தெரியும்.

"எந்திரிக்கிற அன்னைக்கு வேற பலகை வாங்குவோம். உங்க அக்கா கொண்டார சோத்த எம்புட்டு நாளைக்கித் திங்க? எனக்கு என் அடுப்புல ஒரு ரசம் வைக்கணும்."

அவன் பிளக்கை வாங்கக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

எதிர்வீட்டில் யாரோ வாசலுக்கு வந்தார்கள். இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

கோபம்தான் முதலில் வந்தது. இவளே இப்படிச் சொன்னால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? வாய்வரை வந்ததை விழுங்கினான். அவள் முகத்தில் பிடிவாதம் இல்லை. அசதி இருந்தது. அவனோடு சேர்ந்து நம்பிக்கொண்டிருந்த அசதி.

எச்சில் தொட்டு அந்த எண்ணை அழித்தான். பாதி அழிந்தது. மீதியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"கீழ கதவு வேண்டாம்," என்றாள் அவள், குரலைத் தணித்து. "நாற்காலி உள்ள போகணும்ல."

டேப்பை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டான். தரையிலிருந்து முழங்கால் வரை எவ்வளவு என்று தெரிந்தால்தான் மற்றதைக் கணக்குப் போட முடியும்.

அவள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப்பின் தகர முனையை அவள் முழங்காலில் வைத்தான். அது அழுத்தமாகவே பதிந்தது. சேலை குழிந்தது.

"இன்னும் வைக்கலையா?" என்று கேட்டாள்.

அவன் கையை எடுக்கவில்லை.

"இந்தா, வைக்கேன்," என்றான்.